முதல் மூன்று மீட்டர்

கொல்லிமலையின் நாற்பத்தோராவது கொண்டை ஊசி வளைவில் ஒருக்களித்துக் கிடந்து, இரண்டு சக்கரங்கள் ஆகாயத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்திலும், அந்த வேன் தன் வழக்கமான குரலில் சொன்னது இதுதான்: "வணக்கம். நான் நலமாக இருக்கிறேன்."

உள்ளே இருந்த பதினொரு பேர் நலமாக இல்லை. செம்மேட்டுச் சந்தையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு மேல் பலாப்பழங்கள் உருண்டன. வண்டி பள்ளத்துப் பக்கம் விழாமல் மலைப்பக்கம் விழுந்ததால் ஒருவரும் சாகவில்லை. அதிர்ஷ்டம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆறு பேருக்கு எலும்பு முறிந்தது. வெள்ளையம்மா என்ற வியாபாரிக்கு இடது கை இரண்டு இடத்தில் போயிற்று. தன் சொந்த வேனை ஓட்டிய செங்கோட்டுவேலுக்கு நெற்றியில் நாலு தையல், பத்து நாளில் ஆறிவிட்டது. வேறொன்றுதான் ஆறவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்த வெள்ளையம்மா, கட்டுப்போட்ட கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இதில் சட்டத்தின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊர்திச் சாட்சியச் சட்டம் வந்தபோது ஊரே கைதட்டியது. ஓட்டுநர் பொய் சொல்கிறார், கம்பெனி பொய் சொல்கிறது, மெக்கானிக்கோ இருவருக்கும் மேலே. வண்டி ஒன்றுதான் பொய் சொல்லத் தெரியாத ஜீவன். ஆகவே இனி வண்டி தன் உடம்பைப் பற்றித் தானே சொல்வதுதான் சாட்சி. ஒரே ரகத்தில் நூறு வண்டிகள் "எனக்கு இங்கே வலிக்கிறது" என்று சொல்லிவிட்டால் கம்பெனி அத்தனை வண்டிகளையும் திரும்ப அழைத்துச் சரிசெய்து தர வேண்டும். அப்படி எத்தனையோ கம்பெனிகள் வழிக்கு வந்தன. பிரேக்கும் பேட்டரியும் ஒழுங்காயின. சட்டத்தின் மறுபக்கத்தை அப்போது யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. வண்டி "நலமாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டால், நடந்ததெல்லாம் மனிதன் குற்றம். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

இந்த வேன் அதைத்தான் சொல்லியிருந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் நடுவர் விசாரணை. அதன் முடிவில் செங்கோட்டுவேலின் லைசென்ஸ் ஆயுசுக்கும் ரத்தாகும். கவனமற்ற ஓட்டுநர் பட்டியலில் பெயர் ஏறும். இருபத்தாறு வருஷமாக அந்த எழுபது வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடியவர் என்று பேரெடுத்த மனிதர். இப்போது அந்தப் பாராட்டே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

தங்கை மோகனப்பிரியாவின் பட்டறைக்கு அவர் ஒரு காகிதத்தோடு வந்தார். நாமக்கல்லில் சேலம் ரோட்டில் வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருப்பவள் அவள். சக்கரம் அரை டிகிரி கோணினாலும் பொறுக்காதவள். மனுஷர்களிடமும் அப்படித்தான் என்று அவள் புருஷன் சொல்வார்.

"இதுல எங்க கையெழுத்துப் போடறதுன்னு பாத்துச் சொல்லு அம்மிணி," என்றார்.

தவறை ஒப்புக்கொள்ளும் படிவம் அது. ஒப்புக்கொண்டால் விசாரணை இல்லை, பத்திரிகையில் படம் வராது.

"என்னத்துக்குங்ண்ணா இது?"

"வண்டி பொய் சொல்லாதல்ல. அப்ப நாந்தான் கண்ணசந்திருக்கோணும். பட்டுனு ஒரு சத்தம் கேட்டாப்பல இருந்துச்சு, ஸ்டீயரிங் கைல நிக்கல. அதுக்கப்புறம் எதும் நெனப்பில்ல. தூங்கித்தான் போயிருப்பனாட்ட இருக்குது."

லைசென்ஸ் போவதை மோகனாவால் தாங்கிக்கொள்ள முடியும். அண்ணன் தன் கண்ணையும் கையையும் நம்பாமல், ஒரு டப்பா சொன்னதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. காகிதத்தை நாலாக மடித்து கிரீஸ் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

"பன்னண்டு நாள் இருக்குதுல்ல? அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடப்படாது," என்றாள்.

வேன் அவள் பட்டறையில்தான் கிடந்தது, விசாரணை நடத்தும் ஆணையத்தின் சீலோடு. இடது முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக்கை, பட்டறைக்காரர்கள் லோயர் ஆர்ம் என்பார்கள், இரண்டாக முறிந்திருந்தது. விழுந்ததால் முறிந்தது என்றது வண்டியைச் செய்த திகிரி மோட்டார்ஸ். மோகனா முறிந்த முகத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். பாதி வெள்ளிபோல் பளபளத்தது. மறுபாதி பழுப்பாகத் துருவேறியிருந்தது. பளபளப்பது அன்றைக்கு உடைந்தது. துருப்பிடித்ததோ மாதக்கணக்காக விரிந்துகொண்டே வந்த விரிசல். முதல்கட்ட விசாரணைக்கு வந்த அலுவலரிடம் அதைக் காட்டினாள்.

"நீங்க சொல்றது கருத்துங்க," என்றார் அவர் மரியாதையாக. "வண்டி சொல்றது சாட்சி."

மறுநாள் தன் பழைய நோட்டுகளை எடுத்தாள். பட்டறைக்கு வந்த ஒவ்வொரு வண்டிக்கும் டயர் எந்தப் பக்கம் தேய்ந்தது, எந்தச் சக்கரம் எவ்வளவு கோணியது என்று எழுதிவைக்கும் பழக்கம் அவளுக்கு. திகிரி வேன்கள் மட்டும் முப்பத்தொன்று வந்திருந்தன. அதில் இருபத்திரண்டில் ஏதோ ஒரு மூலை டயர் மட்டும் அசாதாரணமாகத் தேய்ந்திருந்தது. ஒன்றில் இடது முன், இன்னொன்றில் வலது பின். மீதி ஒன்பது சுத்தம், நேற்றுக் கடையிலிருந்து எடுத்ததுபோல.

ஒரே ரகம், ஒரே ஊர். பாரம் ஏற்றுவதில் வித்தியாசமா என்று பார்த்தாள், இல்லை. மலையா சமவெளியா, தயாரித்த மாதமா, ஓட்டுகிறவரா; ஒன்றிலும் ஒட்டவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின் அந்த ஒன்பது பேருடைய பெயர்களைச் சும்மா உரக்கப் படித்தாள். பிரியாணி மாஸ்டர் ஜமால். ஜமாலின் மச்சான். சி.எஸ்.ஐ. பள்ளிக்கூடம். கருப்புச் சட்டை தவிர வேறெதுவும் போடாத அச்சகக்காரர் இளம்பரிதி. ஒன்பது பேரும் நெற்றியில் விபூதி வைக்காதவர்கள். மறுபக்கம் இருபத்திரண்டு பேரோ, கிட்டத்தட்ட எல்லோரும் ஆடி அமாவாசை தவறாதவர்கள்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது.

"சாமி கும்பிடறவன் வண்டிதான் ஒடையுதாங்ண்ணா," என்றாள்.

"வாயக் கழுவு," என்றார் செங்கோட்டுவேல். "இத வெளிய சொன்னியின்னா ஒரு கூட்டம் பட்டறைக்குக் கல்லெடுத்துட்டு வரும். இன்னொரு கூட்டம் மால எடுத்துட்டு வரும். ரெண்டுமே நமக்காகாது."

அவளுக்கும் அது தெரியும். நல்லவேளையாக இருபத்திரண்டில் ஒன்று அந்தக் கணக்கைக் கெடுத்தது: கன்னியர் மடத்து வேன். அங்கே விபூதிக்கு வேலையே இல்லை. ஆனால் அவர்கள் வண்டியிலும் வலது பின் மூலை தேய்ந்திருந்தது. மோகனா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக மடத்துக்குப் போனாள்.

சிஸ்டர் ஃபிலோமினா அவளை உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"வண்டி எடுத்தன்னிக்கு பூஜை ஏதாச்சும் போட்டீங்ளா சிஸ்டர்?"

"பூஜையா? நாங்களா?" சிஸ்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஃபாதர் வந்து ஜெபம் பண்ணி, தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சார். அவ்வளவுதான்மா. இருங்க, போட்டோகூட இருக்கு."

ஷோரூம் வாசலில் எடுத்த படம். ஃபாதர் கையில் தீர்த்தச் செம்பு, சிஸ்டர்கள் வரிசையாக, நடுவில் புது வேன். மோகனா படத்தை விரலால் பெரிதாக்கினாள். ஃபாதரையோ சிஸ்டர்களையோ அவள் பார்க்கவில்லை. தொழில் புத்தி, சக்கரத்தைத்தான் பார்த்தாள். முன்சக்கரத்துக்கு அடியில், தரையோடு தரையாக, மஞ்சளாக ஒன்று.

"சிஸ்டர், இது என்னதுங்க?"

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஐயோ, எலுமிச்சம்பழம்! இதை யார் வெச்சா?"

வைத்தவர் பொன்னுசாமி. திகிரி ஷோரூமில் வண்டி கழுவிக் கொடுக்கும் ஆள், அறுபது வயதிருக்கும். மோகனா போனபோது பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லா வண்டிக்கும் நாந்தானுங்க வெப்பேன். நாலு டயருக்கும் நாலு பழம். வேண்டாமுன்னு சொல்றவங்களுக்கு மட்டும் வெக்கறதில்லைங்க. ஜமால் பாய் வேண்டாமின்னாரு, அந்தக் கருப்புச் சட்டைக்காரரு என்னையப் புடிச்சு ஒரு மணிநேரம் லெக்சர் குடுத்தாரு. மடத்து அம்மாங்க ஒண்ணும் சொல்லல. அதனால கை அதும்பாட்டுக்கு வெச்சிருச்சுங்க. ஏங்க, தப்புங்களா?"

"தப்பில்லீங்க பெரியவரே. பழம் ஏத்தறப்போ வண்டி ஏதாச்சும் பேசுமுங்களா?"

"பேசுமுங்களே!" பொன்னுசாமியின் முகம் மலர்ந்தது. "புது வண்டிய மொதமொதல்ல நகத்தறப்போ, 'நான் கற்றுக்கொள்கிறேன், காத்திருக்கவும்'னு சொல்லும். பழம் பச்சக்குன்னு நசுங்கும். கொஞ்சதூரம் போயி, 'கற்றுக்கொண்டேன், நன்றி'ங்கும். சாமிக்குத்தான் நன்றி சொல்லுதுன்னு எல்லாரும் கை தட்டுவாங்க."

மோகனா அங்கே கிடந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து மேசையில் ஒரு பை இருந்தது: மாலை, மஞ்சள், குங்குமம், நாலு எலுமிச்சம்பழம். பையின் மேல் திகிரி மோட்டார்ஸின் சக்கரச் சின்னம். "வாழ்த்துகள்!" என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினாள்.

விசாரணை, ஆணையத்தின் நாமக்கல் மைதானத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. வண்டிகள் சாட்சி சொல்ல வரவேண்டியிருப்பதால் இப்போதெல்லாம் விசாரணையைத் திறந்தவெளியில், சிமென்ட் தளத்தில்தான் வைக்கிறார்கள். நடுவர் ஜைனப் பானு, குறைவாகப் பேசி நிறையக் கேட்கிறவர் என்று பெயரெடுத்தவர். கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து தலைமைப் பொறியாளர் ராகவேந்தர் வந்திருந்தார். ஒப்பிட்டுக் காட்டுவதற்காக, இன்னும் ஒரு அடிகூட ஓடாத புது வேன் ஒன்றை லாரியில் ஏற்றி இறக்கியிருந்தார். அடிபட்ட வேனும் வந்திருந்தது. முறிந்த கையைச் சாட்சிப் பெட்டியில் வைத்துவிட்டு, நடுவர் அனுமதியோடு புதுக் கை மாட்டி, அதை உருள வைத்திருந்தாள் மோகனா. கூரை நசுங்கி, ஒரு கண் போய், பரிதாபமாக நின்றது. வெள்ளையம்மாவும் மற்றவர்களும் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். செங்கோட்டுவேல் அவர்கள் பக்கமே திரும்பவில்லை.

"ஐயாகிட்ட ஒரே ஒரு கேள்விங்க," என்றாள் மோகனா. "நாலு காலும் சமமா நிக்குதான்னு வண்டிக்கு எப்புடிங்க தெரியும்?"

ராகவேந்தர் நல்ல வாத்தியார்போல் விளக்கினார். "பிறந்த குழந்தை மாதிரிதான் மேடம். முதல் தடவை உருளும்போது மூணு மீட்டர்ல கத்துக்கும். அந்த மூணு மீட்டர்ல ஒவ்வொரு சக்கரமும் எந்த உயரத்துல இருந்துச்சோ, அதுதான் அதுக்குச் சமம். அப்புறம் ஆயுசு முழுக்க அதை வெச்சுத்தான் ஒவ்வொரு காலையும் ஏத்தி இறக்கிப் பாரத்தைப் பிரிச்சுக் கொடுக்கும்."

"தப்பாக் கத்துக்கிட்டா?"

"சமதளத்துல உருட்டணும்னு கையேட்டிலேயே இருக்கு. எங்க ஷோரூம் தரையெல்லாம் கண்ணாடி மாதிரி."

"மறுக்கா கத்துக்க முடியாதுங்ளா?"

"முடியாது. சாட்சியைக் கலைச்சுடக் கூடாதுன்னுதான் சட்டமே அப்படி. நடுவர் உத்தரவு போட்டா மட்டும் எங்க சாவியால திறக்கலாம்."

மோகனா நடுவரைப் பார்த்தாள். "அம்மா, அந்தப் புது வண்டிய எங்கூர்ல எப்படி எடுப்பமோ அப்படி எடுத்துக் காட்ட அனுமதி குடுக்கோணும்."

அனுமதி கிடைத்தது. அவள் அந்தச் சின்னம் போட்ட பையைப் பிரித்து நாலு எலுமிச்சம்பழங்களை எடுத்தாள். மூன்று நன்றாகப் பருத்தவை. நாலாவது கோலிகுண்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நாலும் ஒரே அளவில் கிடைப்பதற்கு அது தொழிற்சாலைச் சரக்கா என்ன! பொன்னுசாமி வந்து குனிந்து, பழகின கையால் நாலு சக்கரத்துக்கும் வைத்தார்.

"நான் கற்றுக்கொள்கிறேன். காத்திருக்கவும்," என்றது புது வேன். பச்சக் என்று நாலும் நசுங்கின. மூன்று மீட்டர் போய் நின்றது. "கற்றுக்கொண்டேன். நன்றி."

மோகனா வேனுக்குள் ஏறி, கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்தாள். கண்ணாடிக் குழலுக்குள் குமிழி நடுவில் நிற்காமல் ஓரமாக ஓடி ஒட்டிக்கொண்டது. நடுவரே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"நீ சமமாக நிற்கிறாயா?" என்று வேனைக் கேட்டார்.

"ஆம். நான் மிகவும் சமமாக நிற்கிறேன். நான் நலமாக இருக்கிறேன்."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். ராகவேந்தர் சிரிக்கவில்லை. நடுவர் பக்கம் ஓரடி முன்னால் வந்தார்.

"நடுவர் அவர்களே, இது வண்டியின் குறை இல்லை. இது பயன்படுத்துறவங்களோட மூடப்பழக்கம். கையேட்டில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லி நாங்க எங்கேயும் எழுதலை."

மோகனா காலி பையைத் தூக்கிப் பிடித்தாள். "கையேட்டுல எழுதலைங்க. பையில எழுதிட்டீங்க." சின்னம் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு சுற்றுச் சுற்றினாள். பந்தல் அதிர்ந்தது. அவள் நிறுத்தவில்லை. "பழக்கம் நல்லதா கெட்டதான்னு பேச நான் வரலீங்க. எங்கூட்டு வண்டிக்கு நான் பழம் வெக்கமாட்டேன், எங்கண்ணன் வெப்பாரு. இன்னிக்கு ஒரு எலுமிச்சம்பழத்துகிட்ட ஏமாந்த வண்டி, நாளைக்கு ஒரு ஜல்லிக்கல்லுகிட்ட ஏமாறாதுங்ளா? எங்க ஊருக்கு வண்டி விக்க வர்றவங்க, இந்த ஊர்க்காரன் புது வண்டி எடுத்தா மொத நிமிசம் என்ன பண்ணுவான்னு ஒருக்கா வந்து நின்னு பாத்திருக்க வேண்டாமுங்ளா? ஒரேயொரு தடவதான் கத்துக்கும்னு வண்டியச் செஞ்சது நீங்க. அதுதாங்க குறை. அந்தக் குறைக்குப் பழி சொமக்கறது எங்கண்ணன்."

கைதட்டல் அடங்கும்வரை நடுவர் காத்திருந்தார். பிறகு வருத்தத்தோடுதான் சொன்னார்: "எனக்குப் புரியுதும்மா. ஆனா சட்டம் என் கையைக் கட்டுது. நீங்க பேசுறது கருத்து. வண்டி வாயால வரணும்."

"வர வெக்கறனுங்க," என்றாள் மோகனா. "எங்கண்ணன் வண்டிய மறுக்கா ஒரு மூணு மீட்டர் உருட்ட மட்டும் உத்தரவு போடுங்க. பழமில்லாம."

ராகவேந்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நடுவர் கையை உயர்த்தினார். உத்தரவு பதிவானது. ராகவேந்தர் தன் சாவியை நசுங்கிய வேனின் நெற்றியில் வைத்துத் திறந்தார்.

"அண்ணா, ஏறி உக்காருங்க," என்றாள் மோகனா.

செங்கோட்டுவேல் தயங்கினார். இரண்டு மாதமாக ஸ்டீயரிங்கைத் தொடாத மனிதர். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மோகனா தரையில் முட்டிபோட்டு, சக்கரம் போகிற தடத்தை வெறும் கையால் தடவிச் சுத்தம் செய்தாள். ஒரு மணல்கூட இருக்கக்கூடாது.

"நான் கற்றுக்கொள்கிறேன். காத்திருக்கவும்."

மூன்று மீட்டர். அதற்குமேல் ஓரங்குலம்கூட அவர் ஓட்டவில்லை.

"கற்றுக்கொண்டேன். நன்றி." கொஞ்சநேரம் சத்தமில்லை. "என் பழைய நினைவுகளை மீண்டும் படிக்கிறேன். காத்திருக்கவும்."

பந்தல் துணி படபடத்தது. இதுவும் பொய்த்தால் கிரீஸ் டப்பாவுக்கு அடியில் இருக்கும் அந்தக் காகிதம்தான் மிச்சம்.

"நான் நலமாக இல்லை," என்றது வேன்.

எந்த ஏற்ற இறக்கமும் இல்லாத அதே குரல்தான்.

"பதினேழு மாதங்களாக நான் சமமாக நிற்கவில்லை. என் இடது முன்கை, தாங்கவேண்டியதைவிட அதிகப் பாரத்தைத் தாங்கி வந்திருக்கிறது. ஐந்து மாதங்களுக்கு முன் அதில் விரிசல் விட்டது. நாற்பத்தோராவது வளைவுக்கு இருபது மீட்டர் முன்னால் அது முறிந்தது. அதன்பின் நான் பள்ளத்தை நோக்கிப் போனேன். ஓட்டுநர் விழிப்போடு இருந்தார். முழு பலத்தையும் கொடுத்து என்னை மலைப்பக்கம் திருப்பினார். அவர் திருப்பியிருக்காவிட்டால் பதினொரு பயணிகளும் இறந்திருப்பார்கள். சாட்சியம் முடிந்தது."

செங்கோட்டுவேல் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. மோகனா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"நான் தூங்கல அம்மிணி," என்றார். "நான் தூங்கவே இல்ல."

"எனக்குத் தெரியுமுங்ண்ணா."

பந்தலில் வெள்ளையம்மா எழுந்து நின்றிருந்தாள். ஒரு கை தூளியில் கிடந்ததால் கைதட்ட முடியவில்லை. அதற்குப் பதிலாக அவள் வாய்விட்டுக் குலவை போட்டாள். அதைக் கேட்டு மற்றப் பெண்களும் போட்டார்கள். ஆணையத்தின் மைதானத்தில் குலவைச் சத்தம் கேட்டது அதுதான் முதல்முறை. நடுவர் ஜைனப் பானு ஒழுங்குமணியை அடிக்காமல், அது தானாக ஓயும்வரை பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு தீர்ப்பைப் படித்தார். செங்கோட்டுவேல் குற்றமற்றவர். குறை எல்லா வண்டிக்கும் பொது என்பதால் நூறு சாட்சிக்குக் காத்திராமல், திகிரி வேன்கள் முப்பத்தெட்டாயிரத்து நானூறையும் கம்பெனி திரும்ப அழைத்து, கையை மாற்றி, சமதளத்தில் மறுபடி மூன்று மீட்டர் உருட்டித் தரவேண்டும். இதோடு இன்னொன்றையும் சேர்த்தார்: இனி எந்த வண்டியின் சாட்சியத்துக்குப் பக்கத்திலும் ஓட்டியவரின் வாக்குமூலமும் நிற்கும், அதைக் கருத்து என்று யாரும் ஒதுக்கக் கூடாது.

கூட்டம் கலைந்தபின் ராகவேந்தர் மோகனாவை ஓரமாக அழைத்தார். கோபமாகப் பேசுவார் என்று அவள் கச்சை கட்டிக்கொண்டு போனாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க," என்றார் தாழ்ந்த குரலில். "என் வீட்டு வண்டியும் திகிரிதான். வலது முன்டயர் மட்டும் சீக்கிரமாத் தேயுது. ஒரு வருஷமாக் காரணம் தேடிட்டிருக்கேன். இப்பதான் ஞாபகம் வருது, டெலிவரி அன்னிக்கு என் மாமியார் கூட வந்தாங்க."

மோகனாவுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். சிரித்தபின் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"வண்டியைத்தான் மாத்தணும், மாமியாரை இல்ல. ஆறு வாரம் கொடுங்க," என்றார்.

சொன்னபடியே செய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆறாவது வாரம், திரும்ப அழைக்கப்பட்ட வேன்கள் மோகனாவின் பட்டறை முன்னால் சேலம் ரோட்டில் ஒரு பர்லாங்குக்கு நின்றன. மடத்து வேன் நின்றது, பிரியாணி மாஸ்டர் ஜமாலும் ஒரு தடவை பார்த்துவிடலாமென்று வந்திருந்தார். வரிசையில் முதல் வண்டி செங்கோட்டுவேலுடையது. புதுக் கூரை, புதுக் கண், சட்டைப்பையில் பழைய லைசென்ஸ். வேன் மூன்று மீட்டர் உருண்டு நின்றது.

"கற்றுக்கொண்டேன். நன்றி," என்றது. கொஞ்சம் இடைவெளி விட்டுச் சேர்த்துக்கொண்டது: "இனி எலுமிச்சம்பழம் வைக்கலாம்."

பொன்னுசாமி இதற்காகவே ஷோரூமில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பச்சக்கென்று நாலு பழமும் நசுங்கின. சாலையே கை தட்டியது. கருப்புச் சட்டை இளம்பரிதிகூடத் தட்டினார், பழத்துக்காக இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டே.

அந்த வாரச் சந்தை நாளில் செங்கோட்டுவேல் மறுபடி மலையேறினார். காரவள்ளி அடிவாரத்தில் பத்துப் பேர் ஏறி உட்கார்ந்தார்கள். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கை மட்டும் காலியாக இருந்தது. கடைசியாக வெள்ளையம்மா வந்தாள். ஆறிய கையால் கம்பியைப் பிடித்து ஏறி, அந்த இருக்கையில்தான் உட்கார்ந்தாள்.

"என்ன வேலண்ணா, வண்டி எடுக்கலியா?"

அவர் சாவியைத் திருகினார். "வணக்கம்" என்றது வேன். அதற்கடுத்து எப்போதும் வரும் அந்த வாக்கியத்தைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் புது உத்தரவுப்படி வண்டிக்கு இப்போது இன்னொரு வழக்கம் வந்திருந்தது. கிளம்புமுன் ஓட்டுநரின் வார்த்தையையும் கேட்டுப் பதிவு செய்தாக வேண்டும்.

"நான் நலமாக இருக்கிறேனா?" என்று கேட்டது.

முகப்பில் மோகனா ஒட்டிவைத்திருந்த சின்ன ரசமட்டத்தை அவர் குனிந்து பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. பிறகு கண்ணை மூடி, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்து, வண்டி எப்படி நிற்கிறதென்று தன் உடம்பாலும் ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கறே சாமி," என்றார். "போலாம் வா."